பிரதானி என்ன ஆனான்

அருப்புக்கோட்டையில் ஒரு மிளகாய் வத்தல் மண்டி வாசலில், லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் பார்க்க, என் அண்ணன் காளீஸ்வரனை முதலாளி சுப்புராஜ் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் அந்த மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். அடிக்குக் காரணம், ஒரு பெண் தன் நோட்டில் எழுதியிருந்த நாலு வரி. அந்த நாலு வரியும் என் அண்ணனைப் பற்றியது இல்லை. ஒரு சரித்திர நாவலைப் பற்றியது.

எழுதியவர் ஜெகதீஸ்வரி அக்கா. சுப்புராஜின் தம்பி மாதவனுக்கு வாழ்க்கைப்பட்டவர். ஊரில் எல்லோரும் சுப்புராஜைப் 'பெரிய முதலாளி' என்பார்கள். நான் இங்கே பெயரை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருச்சுழியில். அவருடைய அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிப் போட்டிருந்த வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைகளைத் தேடிப் படித்துத்தான் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. கல்யாணமாகிப் பாளையம்பட்டிக்கு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதற்குள் கோடு போட்ட நீள நோட்டுகள். படித்து முடித்த ஒவ்வொரு நாவலுக்கும் அதில் சில பக்கங்கள் ஒதுக்கியிருப்பார். கதைச் சுருக்கம் எழுதுகிற வழக்கமே கிடையாது. கதையில் வருகிறவர்களோடு சண்டை பிடிப்பார். கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட காவல்காரனை அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டியிருப்பார். போருக்குப் புறப்பட்ட இளவரசன் வாசலில் நின்று பக்கம் பக்கமாகப் பேசினால், 'இவன் பேசி முடிப்பதற்குள் எதிரி உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டே போயிருப்பான்' என்று எழுதுவார். பிடித்த ஆள் செத்துப்போனால் மட்டும் ஒன்றும் எழுதமாட்டார். தேதியைப் போட்டு, பக்கத்தை வெறுமனே விட்டுவிடுவார்.

மண்டிக்காரர் வீட்டு மருமகள் தானாக நூலகத்துக்குப் போய் வருவது அந்தக் காலத்தில் நடக்காது. மத்தியானம் முதலாளிகளுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுக்க வருகிற என் அண்ணன்தான் அவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்து, படித்ததும் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

"காளீஸ்வரண்ணே, மூணாம் பாகம் வந்துருச்சா?"

"வரலம்மா. யாரோ வச்சிருக்காக."

இதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

அந்த நாவல் பாளையக்காரர் காலத்துக் கதை. கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஓர் இளம் ராணி. குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்க வந்தவன் ஒருவன் அவளை ஆற்றங்கரையில் சந்தித்து, 'என்னோடு வந்துவிடு' என்கிறான். அவள் மறுத்துவிட்டு அரண்மனைக்கே திரும்பிப் போகிறாள். அக்காவுக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ராணியின் இடத்தில் தன்னை வைத்து எழுதினார்:

'அவர் கூப்பிட்ட அன்றைக்கே நான் கிளம்பியிருப்பேன். இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? வேளைக்குச் சோறும், வாயை மூடிக்கொண்டு இரு என்ற கட்டளையும்தான். அவர் மனதில் நான் இருக்கிறேன் என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது.'

நாவலின் பெயர் அதற்கு முந்தின பக்கத்தில் இருந்தது.

சுப்புராஜின் மனைவி தங்கம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பெட்டியைத் துடைத்து வைக்கிறேன் என்று நோட்டைப் பிரித்தவர் இந்த வரிகளைக் கூட்டிப் படித்துவிட்டுப் புருஷனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சுப்புராஜ் அந்த ஒரு தாளை மட்டும் கிழித்தெடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருச்சுழிக்கு ஆள் அனுப்பி அக்காவின் அப்பா அம்மாவை வரவழைத்தார். பாலவனத்தத்திலிருந்து தாய்மாமா ஒருவரும் வந்தார். எல்லோரையும் வீட்டு முன்கூடத்தில் உட்கார வைத்து, நடுவில் நின்றுகொண்டு, தாளைப் பிரித்துப் படித்தார். கோயில் கூட்டங்களில் பேசிப் பழகிய குரல். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டது.

"இது யாரைப் பத்தி எழுதுனது?" என்று கேட்டார்.

"கதையில வாரவுகளப் பத்தி, அத்தான். முந்துன பக்கத்தப் பாருங்க. பேரு இருக்கும்."

"கதையில வாரவன் உன்னைய எதுக்குக் கூப்புடுறான்?"

அக்கா தன் புருஷனைப் பார்த்தார். மாதவன் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதார். அப்பா எழுந்து கைகூப்பி, "நாங்க கூட்டிட்டுப் போயிருறோம்" என்றார்.

மறுநாள்தான் மண்டி வாசலில் என் அண்ணனுக்கு அடி விழுந்தது. வீட்டுக்கு வந்து போகிற வெளி ஆள் அவன் ஒருவன்தானே. அதுவும் எங்கள் மாதிரிக் குடும்பத்து ஆள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அவர்கள் காட்டில் களை எடுத்தவர்கள். கணக்கெழுதும் வேலைக்கு உயர்ந்த பையனைத் தட்டி வைக்க அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. அண்ணன் சாயங்காலம் வந்து, கைலியும் இரண்டு சட்டையும் எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினான். பனியன் கம்பெனி வேலை, அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். திருவிழாவுக்கு வந்தாலும் பாளையம்பட்டி வழியாக வரமாட்டான். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் நோட்டுகளைத் தங்கம்மாள் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளி எரித்தார்.

அக்காவைத் திருச்சுழிக்கு அனுப்பியவர்கள், அவர் மகள் சுகப்பிரியாவை மட்டும் அனுப்பவில்லை. அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தை. மாதக்கணக்கில் பிள்ளையைப் பார்க்காமல் இருந்துவிட்டு, கடைசியில் அக்காவே சுப்புராஜின் காலில் விழுந்து திரும்பி வந்தார். இனி இந்த வீட்டுக்குள் கதைப் புத்தகம் நுழையக்கூடாது என்றார் சுப்புராஜ். அக்கா தலையாட்டினார். அதன்பிறகு பல வருஷம் மண்டியிலிருந்து வருகிற வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டும், வீட்டாருக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டும் இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியும் என்பதையே வீட்டில் எல்லோரும் மறந்துபோனார்கள்.

நான் படித்து முடித்து, தேர்வெழுதி, அந்தப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றிலேயே வேலைக்கு வந்தேன். ஒரு நாள் காலை அக்கா உள்ளே வந்தார். தங்கம்மாள் இறந்து வருஷம் கழிந்திருந்தது. சுகப்பிரியா கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். ஆண்கள் பகலில் மண்டிக்குப் போய்விட்டால் வீட்டில் தடுக்க ஆள் இல்லை. அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ காளீஸ்வரண்ணன் தங்கச்சி சுமதிதானே?"

"ஆமா."

"அண்ணன் என்னைய வையிறாகளா?"

"உங்க பேரையே எடுத்ததில்ல."

அக்கா அலமாரிகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு உறுப்பினர் கார்டு வேண்டும் என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தவர், எரிந்துபோன நோட்டுகளைத் திரும்ப எழுதுவதென்று உட்கார்ந்தார். சிறு வயதில் படித்த ஒவ்வொரு நாவலையும் தேடி எடுத்து மறுபடி படித்தார். எங்களிடம் இல்லாததை மாவட்ட நூலகத்திலிருந்து நான் வரவழைத்துக் கொடுத்தேன். எழுதியதை என்னிடம் படிக்கத் தருவார். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது, இந்த அம்மாள் வேறு எதையோ தேடிப் படிக்கிறார் என்று.

ஒரு நாவலின் முடிவில் ராணி தன்னைக் காட்டிக்கொடுத்த சிற்றப்பனை மன்னித்து அனுப்புகிறாள். அதற்கு அக்கா எழுதியிருந்தது: 'பழைய நோட்டில் என்ன பெரிய மனசு என்று எழுதினேன். இப்போது எழுதுகிறேன், மடச்சி.' இன்னொன்றில் வீரன் ஒருவன் தன் அண்ணனைக் கொன்றவனை ஒரே வெட்டில் சாய்த்துவிடுகிறான். 'இதில் செத்தவனுக்கு என்ன நஷ்டம்? அவனுக்கு வலிப்பதற்குள் முடிந்துபோனது. கொல்லுகிறவன் அவசரக்காரன்' என்று எழுதியிருந்தார். வேறொரு பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது. 'எதிரியின் வீட்டில் சமைக்கிறவளாகப் போய்ச் சேர்ந்தாளே, அவள் கெட்டிக்காரி.'

"அக்கா, இதையெல்லாம் எதுக்கு எழுதுறீக?" என்று கேட்டேன்.

"படிச்சது மறந்துருமில்ல" என்றார்.

சுப்புராஜுக்குச் சர்க்கரை வியாதி பல வருஷமாக உண்டு. கவனிக்காமல் விட்டதில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, மதுரையில் வைத்தியம் பார்த்தும் பயனில்லாமல் பார்வை போனது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். மண்டியை மகன் அசோக்கும் தம்பி மாதவனும் பார்த்துக்கொண்டார்கள். அசோக்கின் மனைவிக்கு விருதுநகரில் பேங்க் வேலை. பகல் முழுக்க அந்தப் பெரிய வீட்டில் சுப்புராஜும் அக்காவும் மட்டும்தான்.

அக்கா அவருக்கு மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பார். சோற்றில் கல் கிடந்ததில்லை, காப்பி ஆறினதில்லை. வீட்டில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சுப்புராஜுக்குத்தான் பொழுது போகவில்லை. டிவியில் எந்நேரமும் அழுகைச் சத்தம் என்றார். அசோக் செல்போனில் கதை சொல்லும் குரலைப் போட்டுக் கொடுத்தான். மெஷின் மாதிரி பேசுது என்று தள்ளி வைத்துவிட்டார். பேப்பர் படித்துக் காட்டச் சொல்லி அக்காவைக் கேட்டார். படித்தார். பேப்பர் சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்று ஒரு நாள் அவரே கேட்டார்.

"ஏம்மா, கதை கிதை ஏதாச்சும் படியேன்."

எந்த வாய் வேண்டாம் என்று சொன்னதோ அதே வாய் கேட்டது. அக்கா நூலகத்துக்கு வந்து, பாளையக்காரர் காலத்து அந்த நாவலின் பாகங்களைத்தான் எடுத்துப்போனார். முதல் நாள் அக்கா நாவலின் பெயரைப் படித்ததும் சுப்புராஜ் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தாராம்.

"வேற புஸ்தகம் இல்லையா?"

"இதான் நல்லாருக்கும், அத்தான்."

முதல் பாகத்தை எழுத்து மாறாமல் படித்தார். முற்றுகை, குதிரைகள், கோட்டைக்குள் தண்ணீர்ப் பஞ்சம். சுப்புராஜ் ஊன்றிக் கேட்டார். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், "பீரங்கி வந்து சேந்துச்சா?" என்று கேட்கிற அளவுக்கு அதில் ஊறிவிட்டார். அசோக் வந்தால் அவனுக்கே கதை சொன்னார்.

இரண்டாம் பாகத்தில் அரண்மனை மந்திரியாகப் பெரிய பிரதானி வந்தான்.

அச்சடித்த புத்தகத்தில் அப்படி ஒருவன் கிடையாது. காலை வேலை முடிந்ததும் அக்கா நோட்டில் ஓர் அத்தியாயம் எழுதி, அதைப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தார். ராணி பாணர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு, அவற்றைப் பற்றித் தனக்குத் தோன்றியதை ஓலையில் எழுதி வைக்கிறவள். பிரதானி அதில் ஓர் ஓலையை மட்டும் உருவி, சபை நடுவில் நின்று, கணீரென்று படிக்கிறான். ராணிக்குக் கள்ளக் காதல் என்கிறான். குதிரைக்காரனைக் கோட்டை வாசலில் வைத்துச் சவுக்கால் அடிக்கிறார்கள். ராணியின் குழந்தையை அவளிடமிருந்து பிரித்துத் தூக்கிப் போகிறார்கள்.

அந்த அத்தியாயம் முடிந்ததும் சுப்புராஜ் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் கூப்பிடவில்லை. அக்காவே புத்தகத்தோடு போய் எதிரில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பிரதானிக்கு ஏதாவது ஒன்று போனது. முதலில் அவன் பெண்டாட்டி நோய் கண்டு செத்தாள். பிறகு அவன் பேச்சைச் சபையில் யாரும் கேட்காமல் போனார்கள். மகன்கள் அவனைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போனார்கள். ஒரு நாள் காலையில் பிரதானி கண் விழித்துப் பார்த்தபோது விடியவில்லை. பொழுது ஏறியும் விடியவில்லை.

"போதும்மா" என்றார் சுப்புராஜ்.

"அத்தியாயம் முடியலையே, அத்தான். இன்னும் ரெண்டு பக்கம் கெடக்கு."

படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

இதையெல்லாம் அக்கா எனக்கு வந்து வந்து சொல்வார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. கணக்குச் சரிபார்க்கிறவர் முகம் மாதிரி இருக்கும். எனக்குச் சில நாள் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். எனக்கு அடுத்த அத்தியாயத்தில்தான் ஆசை இருந்தது.

ஒரு சனிக்கிழமை அசோக் நூலகத்துக்கு வந்தான். மரியாதையான பையன்தான்.

"மேடம், எங்க சித்தி ஒரு கோட்டைக் கதை எடுத்துட்டு வந்துருக்காகல்ல. அதுல பிரதானி ஒருத்தன் ராணியோட ஓலையச் சபையில படிப்பானாமே. அது எந்தப் பாகத்துல வருது? அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாக."

இரண்டாம் பாகத்தில் என்று சொல்லியிருக்கலாம். பெரியவர் நம்பிக்கொண்டிருப்பார், அக்காவும் நடத்திக்கொண்டிருப்பார். ஆனால் அடிக்கிறது யார் என்று தெரியாமல் ஒருவன் அடி வாங்குவதில் எனக்குத் திருப்தி இல்லை.

"எந்தப் பாகத்துலயும் வரல. அந்தக் கதையில பிரதானின்னு ஒருத்தனே கெடையாது" என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

"அந்தப் புஸ்தகத்தால எங்க வீட்டுல ஒருத்தரு ஊரை விட்டே போனாக. எனக்குத் தெரியாம இருக்குமா? அப்பாகிட்ட அப்படியே சொல்லுங்க."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்குப் போய் அப்படியே சொல்லியிருக்கிறான்.

திங்கட்கிழமை அக்கா புத்தகத்தைத் திறந்ததும் சுப்புராஜ் கையைத் தூக்கித் தடுத்தார்.

"அந்தப் புஸ்தகத்துல இல்லாததையெல்லாம் படிக்கிறியாமே."

"அந்த நோட்டுல இல்லாததையெல்லாம் நீங்க படிச்சீக, அத்தான்."

சுப்புராஜ் கோபப்படுவார், மகனிடம் சொல்வார், மாதவனிடம் சொல்லித் தன்னை வெளியே போகச் சொல்வார் என்றெல்லாம் அக்கா எதிர்பார்த்திருந்தார். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. ஆனால் அவர் யாரிடம் போய் என்ன சொல்வார்? என் தம்பி பெண்டாட்டி கதையில் ஒரு அயோக்கியனை வைத்தாள், அது நான்தான் என்றா?

கடைசியில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பிரதானி கடைசியில என்ன ஆனான்?"

"சொல்றேன். அன்னைக்கு யாரு யாரு முன்னாடி படிச்சீகளோ அவுக முன்னாடி, அது கதையப் பத்தி எழுதுனதுன்னு நீங்க சொல்லணும். சொன்னாக் கடைசி அத்தியாயம் படிக்கிறேன்."

"அதெல்லாம் பழசு."

"அப்ப பிரதானியும் பழசுதான், அத்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்துபோய் வத்தலை வெயிலில் காயப்போட்டார்.

சில வாரம் சுப்புராஜ் பிடி கொடுக்கவில்லை. அக்கா பேப்பர்கூடப் படிக்கவில்லை. சோறு வந்தது, மாத்திரை வந்தது, ஒரு வார்த்தை வரவில்லை. பகல் முழுக்க ஒரு மனிதக் குரலும் இல்லாமல், வெளிச்சமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போகும்போது சொல்கிறேன் என்று ஒருநாள் ஒத்துக்கொண்டார்.

என் அண்ணனும் அங்கே இருக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. நான் போனில் கேட்டேன்.

"நான் எதுக்கு அவுக கோயில் வாசல்ல போய் நிக்கணும்? அவரு திருப்பூருக்கு வந்து சொல்லட்டும்" என்றான் அண்ணன்.

கடைசியில் போனில் கேட்பதற்கு மட்டும் சம்மதித்தான்.

கோயில் திருச்சுழிக்கு அந்தப் பக்கம், சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவில். படையல் முடிந்து பந்தலில் பந்தி போட இலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சொல்லியனுப்பி வரவழைத்த அவர் அப்பா இருந்தார், பாலவனத்தத்து மாமா இருந்தார். அக்காவின் அம்மா இறந்துவிட்டிருந்தார். அக்கா போனில் என் அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, சுப்புராஜின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தார். பிறகு, "அத்தான் ஏதோ சொல்லணுமாம்" என்றார்.

சுப்புராஜ் எழுந்து நின்றார். எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

"முன்ன ஒரு நாள் வீட்டுல எல்லாரையும் கூப்புட்டு ஒரு தாளைப் படிச்சேன். அது கதையப் பத்தி இந்தப் பிள்ளை எழுதுனது. காளீஸ்வரன்மேல ஒரு தப்பும் இல்ல."

அதோடு நிறுத்தியிருந்தால் அக்கா கேட்டது கிடைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

"முந்துன பக்கத்த அன்னைக்கே நான் பாத்தேன். புஸ்தகத்துப் பேரு இருந்துச்சு. தெரிஞ்சுதான் அந்தத் தாளை மட்டும் கிழிச்சேன். வீட்டுல ஒருத்தி நம்மள விட வெவரமாப் பேசுறா, எழுதுறா, இத இப்பவே அடக்கி வைக்கலேன்னா நாளைக்கு நம்ம பேச்சு எடுபடாதுன்னு நெனச்சேன்."

அக்காவின் அப்பா தடியை ஊன்றி எழுந்து, சாப்பிடாமல் வேனில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குக் கைகூப்பியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஸ்டூலில் இருந்த போன் அணைந்தது. அண்ணன் வைத்துவிட்டான். மாதவன் முன்னால் வந்து, "சரிண்ணே, விடுங்க, எல்லாரும் சாப்புடட்டும்" என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பந்திப் பக்கம் நகர்ந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "தெரிஞ்சேதான் அடிச்சிருக்காரு, சுமதி" என்றான். "சரி, வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டான்.

அத்தனை வருஷமும் அக்கா அவரை ஒரு மூடன் என்றுதான் நினைத்திருந்தார். கதையையும் நிஜத்தையும் பிரிக்கத் தெரியாத ஆள், கோபத்தில் செய்துவிட்டார் என்று. மூடனுக்குத் தகுந்த அளவில்தான் தண்டனையும் யோசித்து வைத்திருந்தார். அந்தப் பந்தலில் எல்லாம் மாறிப்போனது.

மறுநாள் காலை சுப்புராஜ் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நாற்காலியில் வந்து உட்கார்ந்து காத்திருந்தார்.

"படிம்மா. கடைசி அத்தியாயம்."

"எழுதித்தான் வச்சிருந்தேன், அத்தான். நேத்துக் கோயில்ல இருந்து வந்து கிழிச்சுப் போட்டுட்டேன்."

"நீ சொன்னதச் செஞ்சேனே."

"செஞ்சீக. நான் அன்னைக்கு உண்மையச் சொன்னேன், நீங்க எனக்கு என்ன செஞ்சீக?"

கிழித்ததில் என்ன எழுதியிருந்தது என்று நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் சொல்லவில்லை.

மாதவன் இப்போது தாமதமாக விழித்துக்கொண்டு, தேக்கு மரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி ஒன்று செய்யச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். அக்கா அதில் போர்வைகளையும் பழைய சேலைகளையும் அடுக்கி வைத்திருக்கிறார். நோட்டுகள் தகரப் பெட்டியிலேயே இருக்கின்றன. மாதவனிடம் எதைப் படிக்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "அவருக்குத் தனியா ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்" என்று என்னிடம் சொன்னார்.

சுப்புராஜ் இன்னும் அந்தப் பிரதானியை விடவில்லை. காலையில் காப்பி டம்ளரை வாங்கும்போது ஒரு முடிவு சொல்லிப் பார்க்கிறாராம். ராணி அவனைக் கூப்பிட்டு நிலம் கொடுத்து அனுப்பிவிட்டாளா என்பார். "இல்ல, அத்தான்." கோட்டை விழுகிற அன்றைக்கு அவன் ராணியைக் காப்பாற்றப் போய்ச் செத்தானா, அவள் அழுதாளா என்பார். "இல்ல, அத்தான்." குதிரைக்காரனே வந்து அவன் கையைப் பிடித்து அழைத்துப்போனானா என்று ஒரு நாள் கேட்டிருக்கிறார். அதற்கும் இல்லை. அவர் சொல்கிற எல்லா முடிவிலும் பிரதானிக்கு எப்படியாவது மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. அக்கா அவற்றையும் ஒன்று விடாமல் நோட்டில் எழுதி, கீழே தன் அபிப்பிராயத்தையும் எழுதுகிறார். போன வாரம் எழுதியது: 'ஆசிரியருக்குத் தன் பாத்திரத்தின்மேல் பாசம் அதிகம். கதைக்கு ஆகாது.'

ஆள் மெலிந்துவிட்டார் என்று அசோக் சொன்னான். எனக்கே ஒரு நாள் கொஞ்சம் மனசு இறங்கியது. "போதும்க்கா. ஏதாச்சும் ஒரு முடிவச் சொல்லி விட்டுருங்களேன்" என்றேன்.

அக்கா கையிலிருந்த புத்தகத்தில் நான் தேதி முத்திரை குத்தும் வரை காத்திருந்தார்.

"உங்க அண்ணன்கிட்டக் கேளு. அவுக விடுன்னு சொன்னா அன்னைக்கே விட்டுருறேன்."

அது நடந்து மாதங்கள் ஆகின்றன. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் பண்ணுகிறான். பிள்ளைகள் படிப்பு, மழை பெய்ததா இல்லையா, அம்மாவுக்கு மூட்டு வலி என்று எல்லாம் பேசுகிறோம். இதை மட்டும் நான் கேட்கவில்லை.